திரும்பி வந்த ஒன்று

ஜன்னலில் வைத்திருப்பது கனவான்களுக்கு.
வால்நட் கட்டை, வெள்ளிப் பூவேலை,
பூட்டின் மேல் பறக்கத் தயாராய் ஒரு கௌதாரி.
வருஷத்துக்கு மூன்று விற்றால் அதிகம்.
சோறு போடுவது பின்கட்டு.

பர்மிங்காமில், லவ்டே தெருவில் எங்கள் கடை.
குழல் ஒருவர் வீட்டில், பூட்டு இன்னொருவர் வீட்டில்,
கட்டை மூன்றாவது சந்தில்.
பாதித் துப்பாக்கிகளைத் தோளில் சுமந்து
பையன்கள் நாளெல்லாம் தெருவைக் கடப்பார்கள்,
இதுவரை யாரையும் சுடாத ஒரு படை.

நான் கெஸையா டாங்க்ஸ். கணக்கு என் பொறுப்பு.
கணவர் இருக்கிறார்; கூட்டல்தான் வராது.

பெட்டிக்கு இருபது.
தலைமாற்றி அடுக்கிய கருவாடு மாதிரி வைக்கோலில் கிடந்து
கடல் போகும், வளைகுடா போகும், அப்புறம் ஆறு ஆறாய்ப் போகும்,
வரைபடத்தில் எழுத்தே இல்லாத இடத்துக்கு.
அங்கே மரக்கோட்டைக்குள் இன்னொரு கடை இருக்கிறதாம்.
கீழ்ப்பலகையில் மாவு, கம்பளி, கெட்டில்;
மேலே எங்கள் சரக்கு.
காசு கிடையாது, பீவர் தோல்தான் காசு.
வாங்குகிறவர் முதலில் பார்ப்பது குழலை அல்ல,
பூட்டுக்கு எதிர்ப்பக்கம் பதித்த பித்தளைப் பாம்பை.
அது இல்லாவிட்டால் தொடமாட்டார்களாம்.
பாம்பென்றால் படையும் நடுங்கும்;
எங்களுக்குப் பாம்பென்றால் டஜன் நாலு ஷில்லிங்.

சோதனைச் சாலையில் இரட்டை மருந்து கிட்டித்துச் சுடுவார்கள்.
பிளக்காததற்கு முத்திரை. பிளந்தது உலைக்கு.
காற்று இந்தப் பக்கம் அடிக்கும் நாட்களில்
அந்தச் சத்தத்தை வைத்துத்தான்
என் மகள் டார்க்கஸ் எண்ணக் கற்றுக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒன்று திரும்பி வந்தது.
அப்படி வருவதில்லை.
கூடவே கம்பெனிக் கடிதம்: மாதிரிக்காக அனுப்புகிறோம்,
விசைக்காப்பை இன்னும் அகலமாக்கவும்,
கையுறையோடு விரல் நுழைய வேண்டும்.

குழலை யாரோ ஒரு முழம் அறுத்திருந்தார்கள்.
முறிந்த கழுத்தில் ஈரத்தோலைச் சுற்றித் தைத்து
காயவிட்டு இறுக்கியிருந்தார்கள்.
கட்டை இழைக்கும் ஈனக் யார்ட்லி நகத்தால் நெம்பிப் பார்த்தான்.
அசையவில்லை.
"நம்ம பசையைவிட..." என்று தொடங்கியவன்
என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பாம்பைக் காணோம். இரண்டு திருகுத் துளைகள் மட்டும்.
ஆனால் கட்டை நெடுகப் பித்தளைக் குமிழாணிகள்,
வரிசை வரிசையாக, முப்பத்தொன்று.
கொன்ற எருமை, என்றான் ஈனக்.
கொன்ற ஆள், என்றான் குழல் தேய்ப்பவன்.
கழிந்த குளிர்காலங்கள், என்றாள் டார்க்கஸ்.
அழகுக்கு இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.
எனக்கும்தான்.

கடன் கரி கேட்டு வந்த பக்கத்துக் கடை பர்ஸ்லோ
ஒரு ஆணித்தலையை எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
"இது என்னுடையது."
அவர் சவப்பெட்டிக்கு அலங்காரச் சாமான் செய்கிறவர்.
மூடியைச் சுற்றி அடிக்கிற ஆணி.
அச்சில் ஒரு சின்னப் பிசிறு,
பதினாறு வருஷமாய் நாளைக்கு நாளைக்கு என்று விட்டது,
முப்பத்தொரு தலையிலும் இருந்தது.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அவை, இந்தப் பக்கம் இது.
முகம் பாராமல் கிடந்து
வேறு வேறு கப்பலில் போய்
யாரோ ஒருவர் மடியில் சேர்ந்திருக்கின்றன.
எதை வைத்து அடித்திருப்பார்? கல்லா?
சுத்தியல் என்றால் அதுவும் இந்த ஊர்தானா?

எல்லாரும் போனபின் விசைக்காப்புக்குள் விரலை விட்டேன்.
இத்தனை வருஷக் கடையில் விட்டதில்லை.
சில்லென்றிருந்தது. பிப்ரவரிதானே.

பேரேட்டில் துப்பாக்கிக்கு 'அனுப்பியது' என்ற பத்தி மட்டும்.
'வந்தது' என்பது பணத்துக்கு.
பேனா மை காயும்வரை உட்கார்ந்திருந்து
மறுபடி தொட்டு எழுதினேன்:
வந்தது, துப்பாக்கி ஒன்று. ஆணி முப்பத்தொன்று.
பாம்பு அங்கேயே.

கோடு கிழித்தேன்.
விசைக்காப்பை அகலமாக்கச் சொல்லி
மூன்றாவது சந்துக்குப் பையனை அனுப்பினேன்.
மே மாதத்துக்குள் எண்ணூறு வேண்டுமாம்.